ஒற்றை விரல் பெடல்

சப்பாத்தி மாவு காய்ந்துவிட்டால், ஈயம் பற்ற வைக்கிற வரைக்கும் கெப்பாசிட்டரைப் பிடித்துக்கொள்ளாது, ஈரமாக இருந்தால் எறும்பு வந்துவிடும், இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது, அந்தப் பதம் இன்னாசிமுத்துவுக்கு இன்றைக்குத்தான் கைவந்திருந்தது. கை என்றால் வலது கை. இடது கை மேசைமேல் யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரிக் கிடந்தது. அப்படி நினைத்ததும் அவனுக்குச் சுருக்கென்றது. அப்படி நினைக்கக் கூடாது என்று பிசியோதெரபிப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள், அது உங்க கைதான் சார், விருந்தாளி இல்ல, கூப்புட்டுக்கிட்டே இருங்க, வரும் என்று. கூப்பிட்டான். ஆள்காட்டி விரல் வந்தது. அது ஒன்றுதான் கூப்பிட்ட குரலுக்கு வரும், அதுவும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு சாவகாசமாக வருகிற மாதிரி. மற்ற மூன்றும் லேசாக அசைந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டன. கிடக்கட்டும், இன்றைக்கு அதுகளோடு மல்லுக்கட்ட நேரமில்லை. நாலு மணிக்கு ராசாங்கம் வருகிறான். மதுரையைச் சுற்றி எந்த ஊர்த் திருவிழா என்றாலும் ராசாங்கத்தின் மெல்லிசைக் குழு இருக்கும், ராசாங்கம் பாடுவான், இன்னாசி கிடார் வாசிப்பான், இத்தனை வருஷமாக அப்படித்தான், பக்கவாதம் வந்து இடது பக்கத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போகிற வரைக்கும். இன்றைக்கு அவன் வந்து உட்கார்ந்து, மனைவி பிலோமினா கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, அண்ணே, சித்திரை சீசனுக்கு நீங்க மிக்சர்ல உக்காந்துருங்கண்ணே, சவுண்டு பாத்துக்கிட்டாப் போதும், கிடாருக்குத்தான் புதுசா தம்பி வந்திருக்கான்ல என்று மறுபடியும் சொல்லப்போகிறான். போன தடவை சொன்னபோது இன்னாசி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு என்றான். என்னத்தக் கேக்கணும்ணே என்றான் ராசாங்கம். வந்து கேளு என்றான். அந்த ஒரு நாள் இன்றைக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமை. கேட்பதற்குத்தான் இன்னும் ஒன்றும் தயாராகவில்லை.

தயாராக வேண்டியது மேசைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பழைய அலுமினிய டிபன் டப்பா. மூடியில் துளை போட்டு இரண்டு குமிழ், காலால் அமுக்க ஒரு சுவிட்சு, பக்கவாட்டில் கிடார் வயர் உள்ளே போக ஒரு ஓட்டை, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்புக்கு வெளியே போக ஒரு ஓட்டை, வயிற்றுக்குள் இரண்டு ஐசி. இதைப் பெடல் என்று சொன்னால் பிலோமினா சிரிக்கிறாள், சாம்பார் சாத வாசம் இன்னும் போகலயே என்கிறாள், சிரிக்கட்டும். கிடாரிலிருந்து ஒரு ஸ்வரம் உள்ளே போனால் முதல் ஐசி அதை அப்படியே வெளியே விடாது, தானாக ஒரு ஸ்வரத்தைக் கிளப்பி, வந்த ஸ்வரத்தைத் துரத்திக்கொண்டு ஓடி, எட்டிப் பிடித்து, பிடித்ததும் அதோடு கைகோத்துக்கொண்டு போகும். இரண்டாவது ஐசி அதையே ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கொடுக்கும். ஒற்றைக் கம்பியைத் தட்டினால் மேலே ஒரு குரலும் அடியில் ஒரு கனத்த குரலுமாக மேடையே நிறைந்துவிடும், கீபோர்டுகாரன் இரண்டு கையாலும் செய்கிற வேலையை இது ஒரு விரலுக்குச் செய்து கொடுக்கும். ஆனால் ஒரு ஸ்வரம்தான். இரண்டு கம்பி சேர்ந்து ஒலித்தால் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் இதற்குப் பைத்தியம் பிடித்துவிடும். நாலைந்து ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிற கார்டு வாசிக்க முடியாத கிடார் எதற்கு என்று மற்ற கிடார்காரர்கள் இதைச் சீந்துவதில்லை. இன்னாசிக்கு இது பிடித்ததே அதனால்தான். கார்டு பிடிக்க நாலு விரல் வேண்டும். இதற்கு ஒன்று போதும், ஒன்றுக்கு மேல் வைத்தால் இது கோபித்துக்கொள்ளும். கடையில் விற்கிற பெடலெல்லாம் நல்ல கைகளுக்காகச் செய்தது. தனக்கு வேண்டியதைத் தான்தான் செய்துகொள்ள வேண்டும், ஐடிஐ-யில் சால்டரிங் படித்ததும், குழுவின் ஆம்ப்புகளை இத்தனை காலம் பிரித்துப் பிரித்து மாட்டியதும் வேறு எதற்கு? மற்ற கம்பிகள் அதிராமல் இருக்கப் பாத்திரம் தேய்க்கிற பஞ்சை வெட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகி, மூன்றாவது கம்பியை மட்டும் பேச விட்டிருந்தான். பஞ்சு எங்கே போனது என்று அடுப்படியில் பிலோமினா காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள்.

சால்டரிங் அயர்ன் சூடேறிவிட்டதா என்று நுனியில் ஈயக்கம்பியைத் தொட்டுப் பார்த்தான், உருகியது, புகை ஒரு சுருளாக எழுந்து மூக்கில் ஏறியது, பிசின் வாசம், நல்ல வாசம், இந்த வாசம் வருகிற வரைக்கும் பயமில்லை. போன வாரம் இதே மேசையில் வேறு வாசம் வந்தது. மயிர் கருகுகிற வாசம். எங்கிருந்து வருகிறது என்று வயரைப் பார்த்தான், டிரான்ஸ்பார்மரைப் பார்த்தான், ஜன்னலுக்கு வெளியே யாராவது எதையாவது எரிக்கிறார்களா என்று எட்டிக்கூடப் பார்த்தான், கடைசியில் பார்த்தால் அவனுடைய சுண்டு விரல்தான் அயர்ன்மேல் சாய்ந்து கிடந்தது. வலிக்கவே இல்லை. மூக்கு சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது, வெந்துகொண்டிருப்பது தான் என்று. பிலோமினாவிடம் சொல்லவில்லை, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஈயம் பட்டுவிட்டது என்றான், அவளும் நம்பின மாதிரி இருந்துகொண்டாள். இப்போது கன்னத்தில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. ஊர்கிறதா, மரக்கிறதா? டிபன் டப்பா மூடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பல்லைக் காட்டினான். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் காட்டியது, அல்லது அலுமினியத்தின் நெளிசல் அப்படிக் காட்டியது. இன்னொரு தடவை வந்தால்? வந்தால் வலது பக்கமாகவும் வரலாம் என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் அவர் சொல்லாமல் விட்டது இன்னாசிக்கு நன்றாகவே கேட்டது. கன்னத்தைத் தட்டிப் பார்த்தான். எறும்பு. மாவுக்கு வந்த எறும்பு வழி தவறிக் கன்னத்துக்கு வந்திருக்கிறது. அதன்மேல் அவனுக்கு அன்றைக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல.

திருமங்கலம் பக்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனில்தான் அது நடந்தது. பாட்டுக்கு முன்னால் வருகிற இசையை அவன்தான் வாசிக்க வேண்டும், வேகமான இசை, விரல்கள் படியேறி இறங்குகிற மாதிரி ஓட வேண்டும், ஓடிக்கொண்டுதான் இருந்தன, திடீரென்று கிடார் சத்தம் நின்றுவிட்டது. யாருடா நிறுத்தியது என்று அவனே திரும்பிப் பார்த்தான். வயர் பிடுங்கிக்கொண்டதோ என்று குனிந்து பார்த்தான். கை கிடாரின் கழுத்தை விட்டுவிட்டு மடிமேல் வந்து உட்கார்ந்திருந்தது, அது எப்போது வந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. டிரம்ஸ்காரன்தான் முதலில் எழுந்தான். மாப்பிள்ளை வீட்டார் கிடார்காரர் ஸ்டைலாக நிறுத்துகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல், அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது, ஆம்புலன்சும் ஆஸ்பத்திரியும் மங்கிவிட்டன, கைதட்டல் மங்கமாட்டேன் என்கிறது. சரி, விடு. ஈயத்தைப் பார். அப்புறம் வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்த மாதங்களில் விரல் நுனியில் இருந்த காய்ப்பெல்லாம் உரிந்து போனது. கம்பி அழுத்தி அழுத்தி மரத்துப்போய்க் கல் மாதிரி இருந்த நுனிகள், பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது ஏறிய காய்ப்பு, ஒவ்வொரு தோலாக உரிந்து படுக்கையில் விழுந்தது. உங்க கைய இம்புட்டு மெத்துனு நான் பாத்ததே இல்ல என்று பிலோமினா அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளிடம் அன்றைக்கு அப்படித் திரும்பியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றியது. மறுபடியும் ஈயம் ஊற்றினான்.

விஷயம் என்னவென்றால், இந்த ஐசி எவ்வளவு வேகமாகத் துரத்திப் பிடிக்கும் என்பதை ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் தீர்மானிக்கிறது. பெரிசாக இருந்தால் மெதுவாகப் பிடிக்கும், சின்னதாக இருந்தால் சட்டென்று பிடிக்கும். ஆரம்பத்தில் போட்டதில் பெடல் பேசியது, ஒரு ஸ்வரத்தில் நிற்கிற வரைக்கும் அருமையாகப் பேசியது, ஆனால் அடுத்த ஸ்வரத்துக்கு நகரும்போது கீச்சென்று ஒரு கத்தல். வால் மிதிபட்ட நாய்க்குட்டி கத்துகிற கத்தல். வேகம் போதவில்லை, அதனால்தான் இடையில் தடுமாறுகிறது என்று இன்னாசி முடிவு கட்டினான். கெப்பாசிட்டரைக் கழற்றிச் சின்னதைப் போட்டான். கத்தல் கூடியது. அதைவிடச் சின்னதைப் போட்டான். இன்னும் கூடியது. ஐசி மட்டம் என்று டவுன் ஹால் ரோட்டுக் கடைக்காரனைத் திட்டினான். வேறு ஐசி வாங்கி வந்து மாட்டினான், அதுவும் கத்தியது. சால்டரில் விரிசலோ என்று எல்லா முனைகளையும் மறுபடி உருக்கினான். மாவின் ஈரம் உள்ளே போய்விட்டதோ என்று சாந்து டப்பா பிரஷ்ஷால் துடைத்தான். எறும்பு உள்ளே குடியிருக்கிறதோ என்று டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான், இரண்டு எறும்பு விழுந்தது உண்மை, ஆனால் கத்தல் விழவில்லை. இன்றைக்குக் கையில் இருப்பதிலேயே சின்னது, உளுந்தம்பருப்பு அளவு, அதை மாவு உருண்டையில் நட்டு நிறுத்தி, கால்கள் இரண்டையும் ஓட்டைக்குள் இறக்கி, பற்ற வைத்தாயிற்று. இதற்குமேல் வேகம் என்று ஒன்று கிடையாது. கிடாரை மடியில் வைத்துக்கொண்டான். இடது கையைத் தூக்கிக் கழுத்தில் மாட்டினான், தொட்டிலில் குழந்தையைப் போடுகிற ஜாக்கிரதையோடு. விரலைக் கூப்பிட்டான். வந்தது. கம்பியைத் தட்டினான், பெரிய குரல் எழுந்தது, நெஞ்சில் வந்து மோதியது, அடடா. கிடார் கழுத்தில் அடுத்த கட்டத்துக்கு விரலை நகர்த்தினான். கீச், கீச், கீச் என்று ஒன்றுக்கு மூன்றாகக் கத்திவிட்டுத்தான் அது அடுத்த ஸ்வரத்தில் போய் உட்கார்ந்தது.

"ஏங்க, அந்த நாய்க்குட்டிய இன்னும் எம்புட்டு நேரம் மிதிக்கப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பிலோமினா வந்தாள், கையில் ஈரத்துணி. போஸ்ட் ஆபீசில் ஆறு நாளும் கவுன்டரில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையாவது வீடு அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறவள். அவன் அவளையும் அந்தக் கையையும் பார்த்தான். நல்ல கை. நாளெல்லாம் முத்திரை குத்துகிற கை. அவனுக்கு ஏன் அப்போது அது தோன்றியது என்று பிற்பாடு யோசித்தும் பிடிபடவில்லை. "இங்கிட்டு வா, இந்தக் கம்பிய அமுக்கு" என்றான். "நானா? எனக்கென்ன தெரியும்?" "தெரிய வேணாம். முத்திர குத்துற மாதிரி அமுக்கு, போதும்." அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, அவன் காட்டிய கட்டத்தில் ஆள்காட்டி விரலை வைத்து அமுக்கினாள். அவன் வலது கையால் தட்டினான். குரல் எழுந்தது. "இப்ப இந்தக் கட்டம்." அவள் விரலை எடுத்து அடுத்த கட்டத்தில் வைத்தாள், அவன் தட்டினான், குரல் சுத்தமாக, ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் அங்கே போய் நின்றது. "இது." நின்றது. "மறுபடி இது." நின்றது. ஐசி மட்டமில்லை. சால்டர் விரிசல் இல்லை. எறும்பு இல்லை. "எனக்கு நல்லாத்தான பாடுது" என்றாள் பிலோமினா, விளையாட்டாகத்தான் சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்து முகம் மாறிவிட்டது. விரலைக் கம்பியிலிருந்து எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லப்போகிறாள், ஆறுதலாக ஏதாவது சொன்னால் இந்த டப்பாவை எடுத்து வீசிவிடுவேன் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "மாவு இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்றாள். "வேணாம்" என்றான். அவள் போய்விட்டாள். அந்தக் கேள்விக்காக அவளுக்குக் கோவில் கட்டலாம்.

ஆக, கத்தியது பெடல் இல்லை, அவனுடைய விரல். விரல் கம்பிமேல் முழுசாக இறங்க நேரம் எடுத்துக்கொள்கிறது, பாதி இறங்கி, தயங்கி, கம்பி கட்டத்தின் ஓரத்து இரும்புக் கட்டையில் உரசி இரைந்து, அப்புறம்தான் அழுந்துகிறது. காதுக்குக் கேட்காத அந்த அரைகுறை நொடியை இந்த டப்பா கேட்டுவிடுகிறது. கேட்டதை அப்படியே ஊருக்குச் சொல்லிவிடுகிறது. இத்தனை நாளும் அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, அவன்தான் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறான். அவனுக்குக் கூச்சமாக இருந்தது, கடைக்காரனை நினைத்துக்கூடக் கூச்சமாக இருந்தது. அப்படியென்றால் மிக்சர். மிக்சர் ஒன்றும் கேவலமான வேலையில்லை. பந்தலுக்குப் பின்னால் ஒரு மேசை, நாற்காலி, மேலே ஃபேன், காதில் ஹெட்போன், ஒரே விரலால் தள்ளித் தள்ளிக் கூட்டிக் குறைக்கலாம். எல்லோருடைய முதுகுக்கும் பின்னால் உட்கார்ந்து, தூரத்தில் பொம்மை அளவுக்கு மேடை, அதில் வேறொருவன் தன் இடத்தில் நின்று வாசிப்பதைத் தெளிவாகக் கேட்கலாம், அவன் சத்தம் போதாவிட்டால் தானே கூட்டிக் கொடுக்கலாம். புதுத் தம்பி நன்றாக வாசிக்கிறான், அதில் பொய் சொல்வதற்கில்லை, கட்டங்களில் அவன் விரல்கள் ஓடுகிற ஓட்டம் கண்ணில் நிற்காது. கூட்டிக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கலாம். மாட்டேன். எதற்கு மாட்டேன்? அதெல்லாம் தெரியாது, மாட்டேன். வாய்விட்டே சொல்லிப் பார்த்தான், மாட்டேன், அடுப்படியில் பாத்திரச் சத்தம் ஒரு நிமிஷம் நின்று மறுபடி தொடங்கியது.

சரி, மாட்டேன் என்றால் என்ன செய்வாய்? விரலை வேகப்படுத்த முடியாது. பிசியோதெரபிப் பெண்ணே அவசரம் வேண்டாம் என்கிறாள், நாலு மணிக்குள் அது திருந்தப் போவதில்லை. பெடலை வேகப்படுத்தலாம், வேகத்தின் எல்லைக்கு வந்தாயிற்று, வேகம் கூடக் கூடக் கத்தலும் கூடுகிறது. வேகம் கூடினால் கத்தல் கூடுகிறது. இந்த இடத்தில் அவன் மனது ஆணியில் துணி மாட்டிக்கொண்ட மாதிரி நின்றது. வேகம் கூடினால் கூடுகிறது என்று முதல் நாளே தெரியுமே, ஒவ்வொரு கெப்பாசிட்டரும் சொன்னதே, பிறகு ஏன் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தான்? யாருக்காக இந்த வேகம்? திருமங்கலத்தில் படியேறி இறங்கிய விரல்களுக்காக. அந்தக் கையின் சொந்தக்காரன் திரும்பி வருவான், வரும்போது பெடல் தயாராக இருக்க வேண்டும் என்று அவனுக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறான். வந்தவன் வேறு ஆள். இவனுக்கு மெதுவாகத்தான் வரும். இவனுடைய தடுமாற்றத்தையெல்லாம் ஒட்டுக் கேட்கிற கூர்மையான காது இவனுக்கு எதற்கு? பிலோமினாவின் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வீட்டில் நடக்கிற சண்டையில் பாதி அவருக்கு எட்டாது, அதனாலேயே எல்லா மருமகள்களோடும் ஒற்றுமையாக இருக்கிறார். பெடலின் காதை மந்தமாக்கினால்? சின்னது வேண்டாம். பெரிசு. இருப்பதிலேயே பெரிசு. விரல் தயங்குகிற நேரத்துக்குள் பெடலும் தயங்கட்டும், விரல் பாதி இறங்கி இரைகிற சத்தம் அதன் காதுக்கு எட்டுவதற்குள் விரல் முழுசாக இறங்கிவிடும். அப்புறம் என்ன ஆகும்? பெடல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாது, நகர்ந்து போகும். வழுக்கிக்கொண்டு போகும். போகட்டுமே. பாடுகிறவன் அப்படித்தானே போகிறான்?

நேரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. உளுந்தம்பருப்புக் கெப்பாசிட்டரை உருக்கிப் பிடுங்கி எறிந்தான், அது எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து செத்துப்போன ஆம்ப்பின் போர்டை இழுத்தான். அதில் சுண்டு விரல் பருமனுக்கு ஒரு கெப்பாசிட்டர் நின்றது. இந்த வகைக்குப் பக்கம் உண்டு, வெள்ளைக் கோடு போட்ட கால் மைனஸ் பக்கம், மாற்றிப் போட்டால் கெட்டுப்போகும், சில நேரம் வெடித்தே போகும். கோடு எந்தப் பக்கம்? இந்தப் பக்கம். போர்டில் எர்த் எந்தப் பக்கம்? இந்தப் பக்கம். மறுபடி பார்த்தான். மாவு போதாது, இவ்வளவு பெரிய உடம்பை மாவு தாங்காது, சாய்ந்து சாய்ந்து விழுந்தது. பிலோமினாவைக் கூப்பிடலாம், ஒரு நொடி பிடித்துக்கொள் என்றால் பிடித்துக்கொள்வாள். கூப்பிடவில்லை. இடது கையைத் தூக்கிப் போர்டின்மேல் வைத்து, ஆள்காட்டி விரலைக் கூப்பிட்டு, இதைப் பிடி என்றான். விரல் வந்தது, கெப்பாசிட்டரின் தலைமேல் உட்கார்ந்தது, பலமில்லாமல்தான், ஆனால் விழாமல் நிறுத்த அது போதும். அயர்னை எட்ட வைத்து, மற்ற விரல்கள் எங்கே கிடக்கின்றன என்று கண்ணால் ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டு, ஈயத்தைத் தொட்டான். புகை எழுந்தது. பிசின் வாசம் மட்டும்தான் வந்தது.

கிடாரை எடுத்தான், சுவிட்சைக் காலால் அமுக்கினான், விரலை வைத்தான், தட்டினான். முதலில் ஒன்றுமே வரவில்லை, போயிற்று என்று நினைத்தான், அதற்குள் எங்கோ கீழேயிருந்து ஒரு குரல் மெல்ல ஏறி வந்து தன் இடத்தில் நின்றது. விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினான். விரல் தயங்கியது, உரசியது, அது அவனுக்குத் தெரிந்தது, தோலில் தெரிந்தது, ஆனால் ஆம்ப்பில் கேட்டது வேறு. குரல் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, நடுவில் இருக்கிற பெயரில்லாத இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு, நிதானமாக அடுத்த ஸ்வரத்தில் போய் அமர்ந்தது. கத்தல் இல்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே. இது கிடார் சத்தம் இல்லை, கீபோர்டும் இல்லை, ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு பெரிய வயிற்றிலிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று மட்டும் சொல்ல முடியாது. திருமங்கலத்து மேடையில் வாசித்தவன் இனி வரமாட்டான் என்பது இப்போதுதான் நிச்சயமானது, டாக்டர் சொல்லித் தெரியாதது இந்தச் சத்தத்தில் தெரிந்தது. அவன் நல்ல கிடார்காரன். போய்ச் சேரட்டும். இருக்கிறவன் வாசிக்க வேண்டியதுதான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப மூன்று கட்டங்களுக்குள்ளேயே போய் வந்துகொண்டிருந்தான், வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்ட பிறகும் நிறுத்தவில்லை.

ராசாங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்தான், சீக்கு வீட்டுக்குள் வருகிற நடை. "எப்படிண்ணே இருக்கீங்க, நல்லா முகம் தெளிஞ்சிருக்கு" என்றான். காபி வந்தது. டிபன் டப்பாவைப் பார்த்தான், வயர்களைப் பார்த்தான், நல்லா இருக்குண்ணே என்றான், ஒன்றையும் கேட்பதற்கு முன்னாலேயே நல்லா இருக்கு. இன்னாசி பேச்சை வளர்க்காமல், பாடு, வார்த்தை வேணாம், மெதுவா ஒரு ஆலாபனை மாதிரி பாடு, நான் கூட வர்றேன் என்றான். ராசாங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு சிந்துபைரவியில் ஆரம்பித்தான். நாலைந்து இழுப்பிலேயே இன்னாசிக்குத் தெரிந்துவிட்டது, அவன் நிறுத்தி நிறுத்தி, திரும்பித் திரும்பிப் பார்த்து, சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கிற மாதிரிப் பாடுகிறான். கம்பியை உள்ளங்கையால் அமர்த்தினான். "எனக்காக இழுக்காத ராசாங்கம். மேடையில எப்படிப் பாடுவியோ அப்படிப் பாடு. நான் வந்தா வர்றேன், வராட்டி மிக்சர்ல உக்காந்துர்றேன்." ராசாங்கம் அவன் முகத்தைப் பார்த்தான். காபி டம்ளரைக் கீழே வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி பாடினான், அவனுடைய சொந்த வேகத்தில், இரக்கமில்லாமல். இன்னாசி துரத்தினான். முதல் வரியில் பின்தங்கினான், இரண்டாவது வரியில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை, அப்போதுதான் துரத்துவதை விட்டான். பாடுகிறவனுக்கு மூச்சு வேண்டுமே. வரி முடிந்து ராசாங்கம் மூச்சு வாங்கப் போகிற இடத்துக்கு முன்கூட்டியே விரலை நகர்த்தி வைத்துக்கொண்டான். குரல் நின்றதும் தட்டினான். பெடல் எழுந்து, ஊர்ந்து, ராசாங்கம் விட்ட ஸ்வரத்தைத் தொட்டு நின்றது. ராசாங்கத்தின் தாளம் ஒரு கணம் தொடைக்கு மேலே நின்றுவிட்டு மறுபடி விழுந்தது. அடுத்த வரி பாடினான். மூச்சு. இன்னாசி வந்தான். அதற்கும் அடுத்த வரி, மூச்சு, இன்னாசி வந்தான்.

ராசாங்கம் சட்டென்று கண்ணைத் திறந்தான்.

"என்னண்ணே நீங்க!" குரல் சுள்ளென்று வந்தது. "நான் வாய மூடுறதுக்குள்ள விழுந்தடிச்சு வந்து நிக்கிறீங்க? என்னா அவசரம்? பாடுனது அடங்க வேணாமா? அடங்கட்டும், ஜனம் அடுத்து என்னான்னு ஏங்கட்டும், அப்புறம் வாங்க. இன்னும் லேட்டா வாங்கண்ணே!"

அடுப்படியிலிருந்து பிலோமினா பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். வீடு தேடி வந்து சீக்காளியை இப்படியா பேசுவான் என்று அவள் கண் கேட்டது. அவளுக்குத் தெரியாது. ராசாங்கம் மேடையில் டிரம்ஸ்காரனைத் திட்டுவான், கீபோர்டுகாரனைத் திட்டுவான், கூடப் பாடுகிற பெண்ணை மைக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவான், குழுவில் இருக்கிற ஒருத்தரையும் விடமாட்டான். நோய் வந்த நாளிலிருந்து இன்னாசியை மட்டும் அவன் ஒரு வார்த்தை திட்டியதில்லை.

"பாடு" என்றான் இன்னாசி. "லேட்டா வர்றேன்."